கல் பார்க்கப் போன ஐந்து நாள்

அக்டோபர் 11, சனி. சாலிஸ்பரி

லண்டனை இரண்டே நாளில் பார்த்து முடித்துவிட்டேன். பெரிய மணிக்கூண்டு, பெரிய ராட்டினம், பெரிய கூட்டம். "வேற எங்க போகணும் மாமா?" என்று ரெடிங்கில் இருக்கும் அக்கா மகன் கேட்டபோது யோசிக்காமல் ஸ்டோன்ஹெஞ்ச் என்றேன், அந்தப் பழங்காலக் கல்வட்டம். எங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு அதன் படம் ஒன்று இருந்தது. அப்பா தச்சு வேலைக்காரர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நிலைவாசல் மட்டும் வச்சிட்டுப் போயிட்டானுங்களே, செவுரு எங்க?" என்று அன்றைக்குக் கேட்டார். நாற்பது வருடமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

"ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம்" என்றான் மாப்பிள்ளை. ஐந்து நாள் ஆனது. அதற்கு அவன்தான் காரணம். நேற்றிரவு எதையோ படித்துவிட்டு வந்து, "அங்க இருக்கற கல்லு ஒண்ணு ஒரு ஊராம் மாமா, வேல்ஸ்ல கொஞ்சம், ஸ்காட்லாந்துல ஒண்ணு" என்று ஆரம்பித்தான். அப்படியானால் கல் எங்கேயிருந்து கிளம்பியதோ அங்கேயும் போவோம் என்று முடிவானது. ஸ்காட்லாந்தை மட்டும் என் முட்டியை உத்தேசித்து விட்டுவிட்டோம்.

சாலிஸ்பரிக்கு மதியத்துக்குள் வந்துவிட்டோம். சனிக்கிழமைச் சந்தை. சீஸ் கடைக்காரர் கேட்காமலே துண்டு வெட்டி நீட்டினார். வாங்காமல் நகர்ந்தாலும் முகம் சுளிக்கவில்லை. அதனாலேயே வாங்கும்படி ஆகிவிட்டது, எட்டு பவுண்டு. தேவாலயத்தின் கோபுரம் 123 மீட்டர், கழுத்து வலிக்கப் பார்த்தேன். உள்ளே 1386-ஆம் ஆண்டு காலத்து இரும்புக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதற்கு முகமே கிடையாது, மணி மட்டும் அடிக்கும்.

பக்கத்து அருங்காட்சியகத்தில் ஓர் எலும்புக்கூடு. ஏமஸ்பரி வில்லாளி என்கிறார்கள், 2002-இல் தோண்டி எடுத்தது. பல்லைச் சோதித்ததில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வளர்ந்த ஆள் என்று தெரிந்ததாம். 4,300 வருடத்துக்கு முன்னால், ஒரு முட்டியில் சில்லு இல்லாமல், அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். என் முட்டியைப் பற்றிப் பேசுவதை அன்று சாயங்காலம் நிறுத்தினேன்.

தங்கின இடத்தில் வெந்நீர் ஐந்து நிமிடம் வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால், "ஆமாம், அது அப்படித்தான்" என்று சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் வரவில்லை. பாதி சோப்போடு துடைத்துக்கொண்டு படுத்தேன்.

அக்டோபர் 12. ஸ்டோன்ஹெஞ்ச்

எங்களுக்குக் கொடுத்த நேரம் பத்தரை. போய்ச் சேர்ந்தது பதினொன்றேகால். ஏ303 சாலை கல்லுக்குப் பக்கத்திலேயே போகிறது. காரில் போகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பார்க்க வேகத்தைக் குறைக்கிறார்கள், பின்னால் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. சாலையைப் பூமிக்கடியில் சுரங்கமாக்கப் பல வருடம் திட்டம் போட்டு, 2024-இல் கைவிட்டார்கள். வாசலில் இருந்த பெண் எங்கள் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "ரோடா?" என்று ஒரே வார்த்தை கேட்டு உள்ளே விட்டார். சீட்டு ஆளுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். அவர் விடாமல் இருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வரவேற்புக் கூடம் கல்லிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வெளியே மரச்சட்டத்தில் ஏற்றி வைத்த ஒரு மாதிரிக் கல், முன்னால் கயிறு. போகிற வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டுகிற பாவனையில் ஜீன்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு வடம் பிடித்தான். அசையவில்லை. ஒரு ஜப்பானியக் குடும்பம் சேர்ந்துகொண்டது, அப்புறம் மூன்று பள்ளிப் பிள்ளைகள். கல் என்னவோ அப்படியே இருந்தது. ஆனால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். தேர் இழுக்கிற இடத்தில் வரும் அதே சிரிப்பு.

பேருந்தில் ஏறி இறங்கினால் புல்வெளி, அதன் நடுவே கல். முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான், மறைக்க மாட்டேன். கயிறு கட்டி வட்டமாக நடக்க விடுகிறார்கள், தூரத்திலிருந்து பார்க்கையில் சின்னதாகத் தெரிகிறது. வெயில் பளீரென்று இருந்தது, காற்று மட்டும் காதைப் பிய்த்தது. காக்கைகள் கல் இடுக்குகளில் குடும்பம் நடத்துகின்றன. அரைச்சுற்று வந்தபோது, துப்புரவுக்கோ எதற்கோ ஓர் ஊழியர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் ஒரு கல்லின் பக்கத்தில் நின்றார். அந்தக் கல்லின் பாதி உயரம்கூட அவர் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அளவு உறைத்தது.

இது ஒரே நாளில் யாரோ கட்டிய கட்டடம் இல்லை. கி.மு. 3000 வாக்கில் முதலில் வந்தது வட்டமான ஒரு பள்ளமும் கரையும்தான், குறுக்களவு நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுண்ணாம்புப் பாறையை மான் கொம்பால் குத்திப் பெயர்த்து, மாட்டின் தோள்பட்டை எலும்பால் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கரையின் உட்புறம் 56 குழிகள். எரித்த எலும்புகளை அந்தக் குழிகளிலும் பள்ளத்திலும் புதைத்தார்கள். ஆக, முதலில் இது சுடுகாட்டுச் சாம்பல் வைக்கிற இடம். அந்த எலும்புகளில் சிலவற்றைச் சோதித்தபோது, அவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்களே இல்லை, மேற்கே வேல்ஸ் பக்கத்து ஆட்களாக இருக்கலாம் என்று வந்திருக்கிறது. சின்னக் கற்கள் வந்ததும் அதே திசையிலிருந்துதான்.

பெரிய கற்களுக்கு சார்சன் என்று பெயர். அவை வந்தது கி.மு. 2500 வாக்கில். வெளிவட்டத்தில் முப்பது தூண், மேலே முப்பது உத்திரம், உள்ளே லாட வடிவில் ஐந்து வாசல். இரண்டு கல்லை நட்டு மூன்றாவதைத் தலையில் வைத்த வாசல்கள். சராசரியாக ஒரு சார்சன் இருபது டன்னுக்கு மேல். இரும்பு கிடையாது, செம்புகூட அப்போது இந்தத் தீவுக்கு வந்திருக்கவில்லை. கல்லைக் கல்லால் அடித்து அடித்தே வழவழப்பாக்கினார்கள். ஆட்கள் நடந்து வரும் வடகிழக்குப் பக்கத்து முகங்களை மட்டும் கூடுதலாக இழைத்திருப்பது லேசர் அளவீட்டில் தெரிந்திருக்கிறது. முன்பக்கம் பார்த்து வேலை செய்கிற பழக்கம் எவ்வளவு பழசு!

அப்புறம் நான் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன். இருப்பதிலேயே உயரமான தூண். மேலே உத்திரம் இல்லை, தலையில் மட்டும் உருண்டையாக ஒரு முண்டு. பழைய நிலைக்கதவின் குடுமி, குழியில் போய் உட்காருமே, அச்சாக அது. உத்திரத்தின் அடியில் அதற்கான குழி. வெளிவட்டத்தில் உத்திரமும் உத்திரமும் சேரும் இடத்தில் ஒன்றில் நாக்கு, மற்றதில் காடி. எல்லாமே மரவேலை. கல்லில் இந்த இணைப்பே தேவையில்லை, எடையே பிடித்துக்கொள்ளும். ஆனால் அவர்களுடைய கை மரத்தில் பழகிய கை. வேறு மாதிரி செய்யத் தெரியாது, அல்லது மனசு வராது. நம்மூரில் கல் வேலை செய்கிறவரைக் கல்தச்சர் என்றுதானே சொல்கிறோம், அந்தச் சொல்லை இவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. நிலம் சரிவு. கவனித்துப் பார்த்தால் நடக்கும்போதே தெரிகிறது. ஆனால் உத்திர வரிசை மட்டமாக ஓடுகிறது, வட்டத்துக்கு ஏற்றபடி ஒவ்வோர் உத்திரத்தையும் லேசாக வளைத்தும் இருக்கிறார்கள். ரசமட்டம் இல்லாத காலம்.

நடுகிற முறை எளிது, வேலைதான் கடினம். குழியின் ஒரு பக்கம் சரிவாக, எதிர்ப் பக்கம் செங்குத்தாக வெட்டு. செங்குத்துப் பக்கம் மரக்கழிகளை நட்டுவை, கல் உரசி மண் சரியாமல் இருக்க. கல்லின் அடியைச் சரிவில் இறக்கு, நெம்பு, கயிறு கட்டி நிமிர்த்து, இடைவெளியில் உடைந்த சுத்தியல் கற்களையே போட்டுக் கெட்டி. உத்திரத்தை மேலே ஏற்ற, கட்டை மேல் கட்டையாகச் சாரம் அடுக்கி, நெம்பி நெம்பி உயர்த்தியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

நீலக்கற்களைத் தேடினேன். வேல்ஸிலிருந்து வந்த சின்னக் கற்களுக்கு அந்தப் பெயர். நம்மூரில் நீலக்கல் என்றால் சனி தோஷத்துக்கு மோதிரத்தில் போடுவது, இங்கே இரண்டிலிருந்து நாலு டன். எண்பது வரை இருந்திருக்கலாம். வெயிலில் எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தன. "நீலம் எங்கடா?" "நனைஞ்சா தெரியுமாம் மாமா." முதன்முறையாக இங்கிலாந்தில் மழை வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வரவில்லை.

1915-இல் சாலிஸ்பரியில் இதை ஏலம் விட்டார்கள். செசில் சப் என்பவர் 6,600 பவுண்டுக்கு எடுத்து, மூன்று வருடம் கழித்து நாட்டுக்கே கொடுத்துவிட்டார். நாற்காலி வாங்கப் போனவர் கல்லை வாங்கிவந்தார் என்று ஒரு கதை உண்டு. சந்தையில் நான் சீஸ் வாங்கியதை நினைத்துக்கொண்டேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் புளியோதரை. மூன்று மணிக்கு, ஊரில் ஏழரை, அப்பாவுக்கு வீடியோ போட்டுப் படங்களைக் காட்டினேன். எண்பத்தொரு வயது, கண்புரை எடுத்தாயிற்று, நன்றாகவே தெரிகிறது. குடுமியைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"அவ்ளோ பேருக்குச் சோறு யாரு போட்டது?" என்றார்.

அக்டோபர் 13. டரிங்டன், ஏவ்பரி, வெஸ்ட் வுட்ஸ்

சோறு போட்ட இடத்துக்கே இன்று காலை போனோம். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டரில் டரிங்டன் வால்ஸ். பார்க்க ஒன்றுமே இல்லை. அகலமான பள்ளத்தாக்கு மாதிரி புல்தரை, சுற்றிலும் தேய்ந்துபோன கரை, காலடியில் மாட்டுச்சாணம். சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. நாய் கூட்டிவந்த ஒரு தாத்தா மட்டும் "நல்ல காலைப்பொழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே எதிரே வருகிற எல்லாரும் வானிலையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டே கடக்கிறார்கள். இரண்டு நாளில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான குழு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இங்கே தோண்டியது. சுண்ணாம்புத் தரை போட்ட சதுர வீடுகள், நடுவில் அடுப்பு. சார்சன் கற்கள் நட்ட அதே காலத்து ஊர். கூடவே மலைமலையாக எலும்பு, பெரும்பாலும் பன்றி. பற்களைப் பார்த்ததில் நிறைய பன்றிகள் ஒன்பது மாதக் குட்டிகள். வசந்தத்தில் பிறந்ததைக் கடுங்குளிரில் வெட்டியிருக்கிறார்கள் என்று கணக்கு. ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு கோடைக்காலத்து நீண்ட நாளின் உதயத்துக்கும், எதிர்த்திசையில் குளிர்காலத்துக் குறுகிய நாளின் அஸ்தமனத்துக்கும் நேராக இருக்கிறது. இப்போது கூட்டம் கூடுவதென்னவோ கோடைக்குத்தான். விருந்து நடந்தது குளிரில். பன்றிகள் ஸ்காட்லாந்து போன்ற தூரதேசத்திலிருந்தெல்லாம் ஓட்டிவரப்பட்டவை என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அவரவர் பன்றியை அவரவர் ஓட்டிக்கொண்டு வந்து, பத்து நாள் கல் இழுத்து, தின்றுவிட்டுப் போயிருப்பார்களோ என்று தோன்றியது. இது என் ஊகம், ஆய்வாளர்கள் தலையில் கட்டவேண்டாம்.

அப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "கூலி எவ்ளோ?" காசே கிடையாதுப்பா அப்போ என்றேன். "அப்போ கறிதான் கூலி."

பக்கத்திலேயே வுட்ஹெஞ்ச். 1925-இல் விமானத்திலிருந்து ஓர் அதிகாரி பார்த்துக் கண்டுபிடித்தது. மரத்தூண்களை வட்டவட்டமாக நட்ட இடம். மரம் மக்கிப்போய், குழி இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அழகில்லை. ஆனால் நேற்றுப் பார்த்த குடுமியும் காடியும் எங்கே பழகின வேலை என்று இங்கே நின்றால் புரிகிறது.

மதியம் ஏவ்பரி. இது ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பல மடங்கு பெரிய வட்டம், உலகத்திலேயே பெரிய கல்வட்டம் என்கிறார்கள். கயிறு இல்லை, காவல் இல்லை, வண்டி நிறுத்தத்தான் காசு. கல்லைத் தொடலாம், சாயலாம். வட்டத்துக்குள்ளேயே ஊர், நடுவே சாலை, ஒரு மதுக்கடை. ஆடுகள் கல்லில் முதுகு தேய்த்துக்கொள்கின்றன. எனக்கு இதுதான் பிடித்தது, சொல்லிவிடுகிறேன். இழைப்பு இல்லாத முரட்டுக் கற்கள், ஆனால் நாமும் அதன் கூடவே இருக்கலாம்.

ஊர்க்காரர்கள் இந்தக் கற்களோடு பட்ட பாடு தனிக்கதை. நடுக்காலத்தில் சிலவற்றைக் குழி தோண்டிச் சாய்த்துப் புதைத்தார்கள். 1938-இல் அப்படி ஒரு கல்லைத் தோண்டியபோது அடியில் ஓர் எலும்புக்கூடு, கூடவே கத்தரிக்கோல், 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நாணயங்கள். நாவிதராகவும் வைத்தியராகவும் இருந்தவர் என்று நினைக்கிறார்கள். பிற்காலத்தில் வீடு கட்டக் கல் வேண்டும் என்று நெருப்பு மூட்டிச் சூடேற்றி, குளிர்ந்த நீர் ஊற்றி, சம்மட்டியால் உடைத்தார்கள். 1930-களில் அலெக்சாண்டர் கெய்லர் என்பவர் வந்து, புதைந்தவற்றை எடுத்து நிமிர்த்தினார். ஆரஞ்சுத்தோல் ஜாம் விற்ற குடும்பத்துச் சொத்து. இங்கே நாம் ரசிப்பதில் பாதி ஜாம் காசு.

மதுக்கடையில் சாப்பாடு: மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' என்கிற பண்டம், மசித்த உருளைக்கிழங்கு, பதினெட்டு பவுண்டு. உப்பு இல்லை, காரம் இல்லை, குளிருக்கு இதமாக இருந்தது. மாப்பிள்ளை பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்தான். பரிமாறிய பையன் பார்த்துவிட்டுத் தனக்கும் கொஞ்சம் கேட்டான். விரலில் தொட்டு நக்கி, கண்ணில் தண்ணீர் வர, "அற்புதம்" என்றான். அவன் சொன்னதை நான் நம்பவில்லை, ஆனாலும் கட்டணச்சீட்டில் இரண்டு காப்பியைக் காணோம்.

சாயங்காலம் வெஸ்ட் வுட்ஸ் காடு, மார்ல்பரோவுக்குப் பக்கத்தில். சார்சன் கற்கள் எங்கேயிருந்து வந்தன என்பது தெரிந்த விதம் துப்பறியும் கதை மாதிரி. ஸ்டோன்ஹெஞ்சில் 1797-இல் விழுந்த ஒரு வாசலை 1958-இல் திரும்ப நிறுத்தினார்கள். அப்போது விரிசல் விட்ட ஒரு தூணைத் துளைத்து உலோகக் கம்பி செருகினார்கள். துளைத்தபோது வந்த கல் தண்டு ஒன்றை வேலைக்கு வந்த ராபர்ட் பிலிப்ஸ் என்பவர் நினைவுக்கு வைத்துக்கொண்டார். அது அவரோடு அமெரிக்கா போய், அறுபது வருடம் கழித்து அவருடைய தொண்ணூறாவது வயதையொட்டித் திரும்பி வந்தது. அதை வைத்து டேவிட் நேஷ் குழுவினர் வேதிச் சோதனை செய்து, இப்போது மிஞ்சியிருக்கும் 52 சார்சன்களில் 50 இந்தக் காட்டுப் பக்கத்துக் கல் என்று 2020-இல் சொன்னார்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்கு இங்கிருந்து 25 கிலோமீட்டர்.

காட்டில் பாசி பிடித்த கற்கள் அங்கங்கே படுத்துக் கிடக்கின்றன. ஒரு பலகை, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இந்த வட்டாரத்தில் வெளியில் கிடக்கும் சார்சன்களுக்குச் சாம்பல் ஆட்டுக்கிடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்து மந்தை மாதிரி தெரியுமாம். திரும்பும் வழியில் ஒரு மேட்டில் நிறைய கிடந்தன. நின்று படம் எடுத்தேன். நான்காவது படத்தில் ஒரு கல் எழுந்து நடந்தது.

அக்டோபர் 14. பிரசெலி மலை, வேல்ஸ்

விடியுமுன் கிளம்பினோம். செவர்ன் பாலத்தில் முன்பு சுங்கம் இருந்தது, 2018 கடைசியில் எடுத்துவிட்டார்கள். பாலம் தாண்டியதும் எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி. தரையில் பெரிதாக அராஃப் என்று எழுதியிருக்கிறது. யாரோ தேர்தலில் நிற்கிறார் போல என்றேன். மெதுவாகப் போ என்று அர்த்தமாம்.

மழை, கூடவே மூடுபனி. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி பெம்ப்ரோக்‌ஷயருக்குள் வந்ததும், இருபுறமும் ஆள் உயர வேலிச்செடி, ஒரே வண்டி போகிற சந்து. எதிரே பால் லாரி. மாப்பிள்ளை பின்னால் எடுத்தபோது ஏதோ ஒரு கூர்க்கல்லில் டயர் கிழிந்தது. பின்பக்கத்தைத் திறந்தால் மாற்றுச் சக்கரம் இல்லை, ஒரு டப்பா நுரை மட்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் வண்டி விற்கிறார்களாம். கிழிசலுக்கு நுரை எம்மாத்திரம்? கைபேசியில் சிக்னல் இல்லை.

அரைமணி நேரம் நனைந்தபின் டிராக்டரில் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும், சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். எங்களைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தன் பண்ணைக்கு அழைத்துப்போய், தொலைபேசியில் யாரோடோ வேல்ஷ் மொழியில் பேசி, "மூன்று மணிக்கு டயர் வரும்" என்றார். தேநீர் கொடுத்தார். உலர்திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட வெல்ஷ் கேக் ஒரு தட்டு நிறைய. நான் மாப்பிள்ளையிடம் "சாப்புடுடா" என்றதைக் கேட்டு நிமிர்ந்தார். அவர்கள் மொழியில் டா என்றால் நல்லது என்று பொருளாம். அதன்பிறகு நான் அவனைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் தலையாட்டினார். இத்தனை வருடத்தில் என் 'டா'வுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

கல் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். டயர் வருவதற்குள் போய்விட்டு வாருங்கள் என்று தன் வண்டியிலேயே பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து கார்ன் கோயிடோக் பாறைக்கு ஏற்றம். பாதை என்று ஒன்று இல்லை, சதசதவென்று ஊறிய புல். பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஷூவுக்குள் தண்ணீர் போய் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று மூடுபனிக்குள்ளிருந்து பாறை வந்தது. தூண்தூணாக, யாரோ அறுத்து அடுக்கிய மாதிரி. இயற்கையாகவே அப்படித்தான் விரிசல் விட்டிருக்கிறது. இந்தப் பக்கத்துக் கல்தான் ஸ்டோன்ஹெஞ்சில் இருக்கிறது என்று 1923-லேயே எச். எச். தாமஸ் என்ற நிலவியல்காரர் சொன்னார். எந்தப் பாறை என்று ஊசிமுனையில் காட்டியவர்கள் பின்னால் வந்த ரிச்சர்ட் பெவின்ஸும் ராப் இக்ஸரும். இங்கே தோண்டியதில், விரிசலில் அடித்து இறக்கும் கல் ஆப்புகளும், தூணைச் சாய்த்து இறக்கிவைக்கப் பாறைக்கடியில் கட்டிய மேடையும் கிடைத்தன. அங்கே கிடைத்த கரி கி.மு. 3000-ஐ ஒட்டிய காலம். இங்கே செதுக்கவே வேண்டாம். ஆப்பு அடி, நெம்பு, கயிறு கட்டு, மேடைமேல் சாய். கஷ்டமெல்லாம் அதற்கப்புறம், 240 கிலோமீட்டர்.

எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதில் இன்னும் சண்டை. பனிப்பாறைகளே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. ஆப்பையும் மேடையையும் பார்த்தபின் எனக்கு அந்தக் கட்சியில் சேர மனமில்லை. கடல் வழியா தரை வழியா என்று இன்னொரு தகராறு. 2000-ஆம் ஆண்டில் இங்கிருந்து மூன்று டன் கல் ஒன்றைத் தொண்டர்கள் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். படகுகளுக்கு நடுவே கட்டிக் கடலில் இறக்கினார்கள், மில்ஃபோர்ட் ஹேவன் பக்கத்திலேயே அது முழுகிவிட்டது. மரச்சட்டத்தில் வைத்துத் தண்டவாளம் மாதிரி கட்டைகள் மேல் இழுத்தால் ஒரு டன் கல்லுக்குப் பத்துப் பேர் தாராளம் என்று 2016-இல் லண்டன் மாணவர்கள் இழுத்தே காட்டினார்கள். ஆக, தரைதான் என்கிறேன். பக்கத்து வாவ்ன் மாவ்னில் பழைய வட்டம் ஒன்று இருந்தது, அதையே பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று 2021-இல் பெரிய செய்தி வந்தது. அப்புறம் கல்லைச் சோதித்ததில் அந்தக் கதை ஆட்டம் கண்டுவிட்டது. எனக்கு வருத்தம், நல்ல கதை அது.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, இங்க பாருங்க."

புதிதாக உடைந்த ஒரு முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. கரும்பச்சை கலந்த நீலம், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள், அரிசி இறைத்த மாதிரி. நேற்று முன்தினம் மூவாயிரம் ரூபாய் கொடுத்துப் பார்க்காத நீலம். நான் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். விரல் விறைத்ததும்தான் எடுத்தேன். கீழே கிடந்த சில்லை எடுக்கக் கை துறுதுறுத்தது. எடுக்கக்கூடாது, எடுக்கவில்லை.

கீழே வந்தபோது டயர் மாட்டி முடித்திருந்தார்கள், தொண்ணூறு பவுண்டு. அந்தப் பெண்மணிக்கு ஏதாவது கொடுக்கப் பார்த்தேன். கோபித்துக்கொண்டார். கடைசியில் மிச்சமிருந்த புளியோதரை டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 15. பென்ட்ரே ஈவன், வீடு

மழை விட்டிருந்தது. திரும்பும் முன் பென்ட்ரே ஈவன் பார்த்தோம். கி.மு. 3500 வாக்கில் எழுப்பிய கல்லறை, ஸ்டோன்ஹெஞ்சின் பள்ளத்துக்கும் முந்தியது. ஐந்து மீட்டர் நீளம், பதினாறு டன் மூடுகல், கூரான மூன்று கல்முனைகள்மேல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் மதுராந்தகம் பக்கத்தில் ஏரிக்கரை தாண்டினால் கல்வட்டங்களும் கல்திட்டைகளும் உண்டு, பாண்டவர் குழி என்போம், ஆடு மேய்க்கிற பையன்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். நம்முடையவை இரும்புக் காலத்தவை, இதற்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை, இடையில் ஆயிரக்கணக்கான வருடம். ஆனாலும் அடியில் குனிந்து நுழைந்தபோது, பாம்பு இருக்கிறதா என்று பழக்கத்தில் தரையைப் பார்த்தேன்.

வழியெல்லாம் தூங்கினேன். பலிபீடக் கல்லைப் பற்றி மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஸ்டோன்ஹெஞ்சின் நடுவில் கிடக்கும் ஆறு டன் கல் அது. வேல்ஸ் கல் என்றுதான் நூறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அதிலுள்ள நுண்மணிகளைச் சோதித்து, ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, 750 கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். கண்டுபிடித்த குழுவை நடத்திய ஆந்தனி கிளார்க் அப்போது ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த மாணவர், பிறந்து வளர்ந்தது பிரசெலி மலைப்பக்கம். சொந்த ஊர்ப் பெருமையைத் தன் கையாலேயே ஸ்காட்லாந்துக்குத் தாரைவார்த்திருக்கிறார்.

நாங்கள் பார்த்தபோது அந்தக் கல் தெரியவே இல்லை. உயரமான தூணின் ஜோடிக் கல்லும் மேலே இருந்த உத்திரமும் விழுந்து அதன்மேல் கிடக்கின்றன.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டேன். நீலத்தைக் காட்டினேன். தலையாட்டினார், ஆனால் அவருக்கு அதில் ஆர்வமில்லை. அந்தக் குடுமிக் கல் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார். "இது மட்டும் நிக்குது. ஜோடி ஏன் விழுந்துச்சு?"

படித்ததைச் சொன்னேன். நிற்கிற கல் மண்ணுக்குள்ளேயே இரண்டரை மீட்டர் கிட்ட இறங்கியிருக்கிறது. ஜோடிக் கல் அதைவிடக் குட்டை. தலைமட்டம் ஒன்றாக வரவேண்டுமென்று அதை ஆழமில்லாமல் நட்டு, அடியை மட்டும் அகலமாக விட்டிருக்கிறார்கள்.

"நெனச்சேன்" என்றார் அப்பா. "நீளமா கல்லு கெடைச்சிருக்காது. ஆளுங்க வந்துட்டாங்க, கறி வெந்துருச்சு, நிறுத்தித்தான் ஆகணும். நானும் வண்டலூரு வீட்டுக்கு ஒரு நிலைக்கு அப்படித்தான் பண்ணேன், கால் மரம் ஒண்ணு நாலு விரக்கடை பத்தல."

"அது என்ன ஆச்சுப்பா?"

"இன்னும் நிக்குது. சரி, வை. இங்க மழை புடிச்சுருச்சு, மாடியில பலகை கெடக்கு."

வீடியோவை அணைக்க மறந்து போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மின்விசிறியும் மழைச் சத்தமும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தன.